கூடைப்பந்துப் பெருவீரர் ஜார்ஜ் மைக்கன்

கூடைப்பந்தாட்டம் நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அத்துணைப் பழக்கமான விளையாட்டன்று. நம் திடல்களில் கால்பந்தும் கைப்பந்தும் உண்டு. மாணவியர் வலைப்பந்து ஆடுகின்றனர். கூடைப்பந்தையோ பட்டணத்துச் சீனப் பள்ளிகளின் சிமெண்டுத் தளங்களில்தான் நாம் பெரும்பாலும் கண்டிருக்கிறோம். ஆயினும் அவ்விளையாட்டின் சட்டங்களுள் சில ஒரே ஒரு மனிதரின் ஆற்றலுக்கு அஞ்சி மாற்றி எழுதப்பட்டவை என்பதை அறியும்போது, அம்மனிதர் யார் என்று கேட்கத் தோன்றுமன்றோ? இவ்வாண்டு மலரில் அவருடைய வரலாற்றை எழுத முற்படுகின்றோம். அவர் பெயர் ஜார்ஜ் மைக்கன். இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் தலைசிறந்து விளங்கிய கூடைப்பந்து வீரர் என அமெரிக்கச் செய்தியாளர்கள் 1950ஆம் ஆண்டில் தேர்ந்தெடுத்தது இவரையே.

வரலாற்றுக்குள் செல்லுமுன் ஆட்டத்தைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். கூடைப்பந்தில் பக்கத்திற்கு ஐவர் ஆடுவர். பத்தடி உயரத்தில் இரும்பு வளையமும், அதன் பின்னால் ஒரு பலகையும் இருக்கும். வலைப்பந்துக் கம்பத்தில் இப்பலகை இராது. ஐவருள் மிக உயரமானவரை வளையத்திற்கு அருகில் நிறுத்துவர். அவரே நடு ஆட்டக்காரர். எறிந்த பந்து வளையத்தில் விழாது தெறிக்கும்போது அதனைப் பிடிப்பதும், அருகில் நின்று பந்தை வளையத்துள் இடுவதும், எதிரியின் எறிதலைத் தடுப்பதும் அவர் பணி. மைக்கன் நடு ஆட்டக்காரராகவே வாழ்நாளெல்லாம் ஆடியவர்.

ஜார்ஜ் மைக்கன் 1924ஆம் ஆண்டு ஜூன் மாதம் 18ஆம் நாள், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள ஜோலியட் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை வழியில் குரோவேசியரும் தாய் வழியில் லித்துவேனியருமான குடியேறிகளின் குடும்பம் அது. பெற்றோர் சிறிய உணவுக்கடை ஒன்றை நடத்தி வந்தனர். பிள்ளைகளும் கடை வேலையில் கைகொடுப்பர். பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்தவர்களின் வீட்டு நிலைமை எப்படியிருக்கும் என்பதை நம் பெற்றோருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

சிறுவயதில் அவருடைய முழங்காலில் பலத்த முறிவு ஏற்பட்டது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் காலம் படுக்கையிலேயே கிடந்தார். எழுந்தபோது முன்னிலும் பன்மடங்கு உயரமாய் வளர்ந்திருந்தார். கண்பார்வையும் மங்கல், தடித்த கண்ணாடி அணிந்தாலன்றி எதிரில் வருபவர் முகம் தெரியாது. நெடிய உடலும் கண்ணாடியும் சேர்ந்து அவரைக் கூச்சமுள்ள பிள்ளையாக்கின. கூன் போட்டு நடந்து தம் உயரத்தை மறைக்க முயன்றார் என்பர். பியானோ வாசிப்பில் அவருக்கு ஆர்வம் மிகுதி. கிறித்துவக் குருவாக வேண்டும் என்றும் விரும்பினார். அதற்காகச் சிக்காகோவில் உள்ள குருத்துவப் பள்ளி ஒன்றில் பயின்றார். அதற்கு முன் ஜோலியட்டில் பள்ளி அணியில் சேர முயன்றபோது, கண்ணாடி அணிந்தவனுக்குக் கூடைப்பந்து எதற்கு என்று பயிற்றுநர் திருப்பி அனுப்பிவிட்டார்.

பின்னர்ச் சிக்காகோவின் டிபால் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். விளையாட்டுக்குப் பெயர்பெற்ற நோட்டர்டேம் பல்கலைக்கழகத்திற்கும் தேர்வுக்குச் சென்று பார்த்தார். காலும் கையும் ஒருங்கே இயங்காத இந்நெடியவர் ஆட்டத்துக்கு உதவார், டிபாலுக்கே போய்ப் படிக்கட்டும் என்று அங்கும் ஒதுக்கினர். மூன்றாவது முறை எவரேனும் அவரை ஒதுக்கியிருப்பின் நாம் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டோம்.

1942ஆம் ஆண்டில் டிபாலுக்கு ரே மேயர் என்னும் பயிற்றுநர் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 28. தலைமைப் பயிற்றுநராக அவர் ஏற்ற முதற்பணி அதுவே. மைக்கனின் கோணல்களை அவரும் கண்டார். ஆனால் மற்றவர் கண்டதோடு நிறுத்திக்கொண்டனர். மேயர் அவற்றைத் திருத்தத் திட்டமிட்டார். திருத்திய முறைதான் வியப்புக்குரியது. பந்தைக் கையில் கொடுத்து ஆடச்சொல்வதற்கு முன் கயிறு தாண்டச் செய்தார். குத்துச்சண்டை வீரரைப்போல் காற்றோடு குத்திப் பழகச் செய்தார். கால்கள் தாளத்திற்கு இசைந்து நகர வேண்டும் என்பதற்காக நடனம் கற்கச் செய்தார். ஆறடி பத்து அங்குலம், அதாவது 208 சென்டிமீட்டர் உயரமுள்ள இளைஞர், தம் மார்பளவே உயரமுள்ள மாணவியரோடு நடனம் பழகிய காட்சி பார்த்தோருக்குச் சிரிப்பை மூட்டியிருக்கும். மைக்கன் அதைப் பொருட்படுத்தவில்லை.

இவற்றோடு மற்றொரு பயிற்சியும் இருந்தது. வளையத்தின் கீழ் நின்று, வலப்புறத்திலிருந்து வலக்கையால் பந்தை இடுவது. விழும் பந்தைத் தரையில் தொடவிடாமல் பிடித்து, ஓரடி நகர்ந்து, இடப்புறத்திலிருந்து இடக்கையால் இடுவது. மீண்டும் வலம், மீண்டும் இடம். இவ்வாறு நூற்றுக்கணக்கான முறை, நாள்தோறும். வலக்கைக்காரராகிய அவருக்கு இடக்கை பழக நெடுநாள் பிடித்தது. பழகிய பின்போ எதிரணியினருக்கு எப்பக்கம் தடுப்பது என்றே தெரியாமற் போயிற்று. அப்பயிற்சி இன்றும் மைக்கன் பயிற்சி என்னும் பெயராலேயே பல நாடுகளின் பள்ளித் திடல்களிலும் நடைபெற்று வருகின்றது. ஆடுகளமும் ஒரு பந்தும் கிடைத்தால் நம் மாணவர்களும் செய்து பார்க்கலாம். இருபது முறை முடிவதற்குள் மூச்சு வாங்கும்.

இரண்டு ஆண்டுகளுக்குள் அவர் ஆட்டம் நாடெங்கும் பேசப்பட்டது. எதிரணியினர் எறிந்த பந்து வளையத்தை நோக்கி இறங்கி வரும் வேளையில் மைக்கன் எழும்பி அதனைத் தட்டிவிடுவார். எவ்வளவு குறிபார்த்து எறிந்தாலும் பயனில்லை. ஒக்லகோமாவில் பாப் கர்லண்ட் என்னும் ஏழடி வீரரும் இதையே செய்துகொண்டிருந்தார். பார்த்தனர் ஆட்டச் சங்கத்தார். இறங்கும் பந்தை வளையத்தருகில் தடுத்தல் கூடாது என்று 1944இல் சட்டம் இயற்றினர். மைக்கனின் வலிமை இதனோடு ஒழிந்தது என எண்ணியவர்கள் ஏமாந்தனர். தட்டிவிட முடியாத காரணத்தால் அவர் எறிவதிற் கூடுதல் கவனம் செலுத்தினார். 1945ஆம் ஆண்டு நியூயார்க்கில் நடைபெற்ற தேசிய அழைப்புப் போட்டியில், ரோட் ஐலண்ட் அணிக்கு எதிராக டிபால் 97க்கு 53 என்ற கணக்கில் வென்றது. அந்த 97 புள்ளிகளுள் மைக்கன் ஒருவரே எடுத்தவை 53. எதிரணியார் அனைவரும் சேர்ந்து எடுத்ததும் அதே 53! அவ்வாண்டின் கிண்ணம் டிபாலுக்கே கிடைத்தது.

1946ஆம் ஆண்டில் மைக்கன் தொழில்முறை ஆட்டக்காரரானார். சிக்காகோ அமெரிக்கன் கியர்ஸ் என்னும் அணி, ஐந்து ஆண்டுகளுக்கு 60,000 டாலர் தருவதாக ஒப்பந்தம் செய்துகொண்டது. அக்காலத்தில் அது பெருந்தொகை. 1947இல் அவ்வணி பட்டம் வென்றது. வென்ற மயக்கத்தில் அணியின் உரிமையாளர் தாமே ஒரு புதிய சங்கத்தைத் தொடங்கினார். அச்சங்கம் சில வாரங்களிலேயே கலைந்துபோயிற்று. ஆட்டக்காரர்கள் நடுத்தெருவில் நின்றனர். அவர்களைப் பிற அணிகளுக்குப் பங்கிட்டபோது மைக்கன் மினியாபொலிஸ் நகரின் லேக்கர்ஸ் அணிக்கு உரியவரானார்.

மினெசோட்டா ஏரிகள் நிறைந்த மாநிலம். லேக்கர்ஸ் என்னும் பெயர் அதனால் வந்தது. மைக்கன் அங்கு வந்து பேச்சு நடத்தியும் ஊதியத்தில் உடன்பாடு ஏற்படவில்லை. ஊர் திரும்ப விமான நிலையம் புறப்பட்டார். காரை ஓட்டியவர் அணியின் நலம் நாடிய சிட் ஹார்ட்மன் என்னும் இளம் செய்தியாளர். அவர் வழி தவறியவர்போல் வேறு திசையில் சுற்றிச் சுற்றி ஓட்ட, விமானம் போய்விட்டது. இரவு தங்கிய மைக்கன் மறுநாள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். இதனைப் பிற்காலத்தில் ஹார்ட்மனே பலமுறை சொல்லி மகிழ்ந்திருக்கிறார். ஓர் அணியின் ஊழ் கார் ஓட்டியவர் கையில் இருந்தது போலும்!

அதன்பின் நிகழ்ந்தவை வெற்றிமேல் வெற்றி. ஜான் குண்ட்லா பயிற்றுநர். ஜிம் போலர்ட், வெர்ன் மிக்கல்சன், சிலேட்டர் மார்ட்டின் ஆகியோர் உடன் ஆடியவர்கள். 1948, 1949, 1950, 1952, 1953, 1954 ஆகிய ஆறு ஆண்டுகளிலும் லேக்கர்ஸ் பட்டம் வென்றது. சிக்காகோவில் பெற்றதையும் சேர்த்தால் மைக்கனுக்கு ஏழு பட்டங்கள். மூன்று வெவ்வேறு சங்கங்களின் பட்டங்கள் இவற்றுள் அடங்கும். இவற்றுள் ஒன்றான என்.பி.ஏ. சங்கம், 1949இல் இரு சங்கங்கள் ஒன்றிணைந்து தோன்றியதாகும்.

இவ்வெற்றிகள் உடல் நோகாமல் வந்தவையல்ல. வளையத்தின் கீழ் இடிபடுவது நடு ஆட்டக்காரரின் விதி. 1949ஆம் ஆண்டு இறுதிச் சுற்றில் வாஷிங்டன் அணியுடன் ஆடும்போது மைக்கனின் மணிக்கட்டு முறிந்தது. அடுத்த ஆட்டத்தில் மாவுக்கட்டோடு இறங்கி 22 புள்ளிகள் எடுத்தார். 1951இல் காலெலும்பு விண்டிருந்த நிலையிலும் ஆடினார். அவ்வாண்டு ரோச்செஸ்டர் அணியிடம் லேக்கர்ஸ் தோற்றது. ஆட்டக்களத்தில் அவர் முறித்துக்கொண்ட எலும்புகள் மொத்தம் பத்து என்பர். இதனை நம் மாணவர்கள் பின்பற்ற வேண்டியதில்லை. அடிபட்ட பிள்ளை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்து அமர்வதே முறை.

1949 டிசம்பரில் நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கிற்கு லேக்கர்ஸ் சென்றபோது நிகழ்ந்த ஒன்று சுவையானது. அரங்கின் முகப்புப் பலகையில் லேக்கர்ஸ் என்னும் பெயரே இல்லை. ஜார்ஜ் மைக்கனுக்கும் நிக்ஸ் அணிக்கும் இன்றிரவு ஆட்டம் என்றே எழுதியிருந்தனர். உடைமாற்றும் அறைக்குச் சென்ற மைக்கன், தோழர்கள் எவரும் சட்டை மாற்றாமல் உட்கார்ந்திருப்பதைக் கண்டார். பலகையில் உன் பெயர்தானே இருக்கிறது, நீயே போய்த் தனியாக ஆடு என்று அவர்கள் கேலி செய்தனராம். பிறகு எல்லோரும் சிரித்துக்கொண்டே களமிறங்கினர்.

இவ்விடத்தில் மற்றொரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். 1948 பிப்ரவரி 19ஆம் நாள் சிக்காகோ அரங்கில் லேக்கர்ஸ் அணியை ஹார்லம் குளோப்டிராட்டர்ஸ் அணி எதிர்த்தது. அது கறுப்பின ஆட்டக்காரர்களை மட்டுமே கொண்ட அணி. வேடிக்கை காட்டுபவர்கள், உண்மை ஆட்டம் இவர்களுக்குத் தெரியாது என்று பலர் இளப்பமாக எண்ணியிருந்தனர். 17,823 பேர் கூடியிருந்த அவ்வரங்கில், கடைசி நொடியில் எர்மர் ராபின்சன் தொலைவிலிருந்து எறிந்த பந்து வளையத்துள் இறங்கியது. குளோப்டிராட்டர்ஸ் 61க்கு 59 என வென்றது. மைக்கன் 24 புள்ளிகள் எடுத்தும் தம் அணியைக் காக்க இயலவில்லை. மறு ஆண்டும் அவ்வணியிடம் லேக்கர்ஸ் தோற்றது. என்.பி.ஏ. சங்கத்தில் கறுப்பின ஆட்டக்காரர்கள் இடம்பெற்றது 1950இல்தான். மைக்கனின் வெற்றிக் கணக்கை எடுத்துரைப்போர் இத்தோல்விகளை விட்டுவிடுவதுண்டு. நாம் விட விரும்பவில்லை. அக்காலத்துச் சிறந்த ஆட்டக்காரர்களுள் ஒரு பகுதியினருக்குத் தோலின் நிறம் காரணமாகக் கதவு அடைக்கப்பட்டிருந்தது என்பதும் அவ்வரலாற்றின் ஒரு பக்கமே.

மைக்கனை அடக்குவது எவ்வாறு என்று பிற அணிகள் மண்டையைக் குழப்பிக்கொண்டன. 1950 நவம்பர் 22ஆம் நாள் போர்ட் வேன் பிஸ்டன்ஸ் அணி ஒரு சூழ்ச்சி செய்தது. பந்து தம்மிடம் வந்தால் எறியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தினர். மைக்கன் கைக்குப் பந்து போனால்தானே ஆபத்து! பார்வையாளர்கள் கூச்சலிட்டும் அவர்கள் அசையவில்லை. முடிவில் 19க்கு 18 என்று பிஸ்டன்ஸ் வென்றது. லேக்கர்ஸின் 18 புள்ளிகளுள் 15 மைக்கனுடையவை. என்.பி.ஏ. ஆட்டங்களில் இதனினும் குறைந்த புள்ளிக்கணக்கு இன்றுவரை இல்லை.

இத்தகைய ஆட்டத்திற்கு எவர் காசு கொடுத்து வருவர்? நான்காண்டுகள் கழித்து, 1954இல், சைரக்கியூஸ் அணியின் உரிமையாளர் டேனி பியாசோன் ஒரு வழி கூறினார். நல்ல ஆட்டமொன்றில் இரண்டு அணிகளும் சேர்ந்து ஏறத்தாழ 120 முறை பந்தெறிகின்றன. ஆட்டம் 48 நிமிடம். நிமிடங்களை நொடிகளாக்கி 120ஆல் வகுத்தால் என்ன வரும்? ஆறாம் ஆண்டு மாணவர்கள் தாமே இக்கணக்கைப் போட்டுக்கொள்ளலாம். வரும் விடை 24. அத்தனை நொடிகளுக்குள் பந்தை எறிந்தாக வேண்டும் என்பது சட்டமாயிற்று, இன்றளவும் என்.பி.ஏ. ஆட்டங்களில் அது நடைமுறையில் உள்ளது.

அதற்கு முன்னரே 1951இல் வேறொரு சட்டம் வந்திருந்தது. வளையத்தின் எதிரே தரையில் கோடிட்ட பகுதி ஒன்றுண்டு. தாக்கும் அணியினர் அதனுள் மூன்று நொடிக்குமேல் நிற்றலாகாது. அப்பகுதியின் அகலம் 6 அடியாக இருந்தது; அதனை 12 அடியாக்கினர். வளையத்தடியில் நின்ற மைக்கனை அப்பால் தள்ளுவதே நோக்கம். அதற்குப் பலனும் இருந்தது. ஆட்டமொன்றுக்கு 28.4 ஆக இருந்த அவருடைய சராசரிப் புள்ளி அடுத்த பருவத்தில் 23.8க்கு இறங்கியது. ஆயினும் பட்டம் லேக்கர்ஸுக்கே போயிற்று. ஒருவர் நன்றாக ஆடுகிறார் என்பதற்காகக் கோட்டை நகர்த்துவது முறையா என்று கேட்கத் தோன்றுகிறது. நம் கருத்தில், அச்சட்டங்கள் ஆட்டத்திற்கு நன்மையே செய்தன. எனினும் அவற்றின் விலையை ஒருவரே கொடுத்தார்.

1954ஆம் ஆண்டில், முப்பது வயது நிறையும் வேளையில், மைக்கன் ஓய்வு பெற்றார். அன்றைய நிலையில் அவரைவிட மிகுதியான புள்ளிகள் எடுத்தவர் எவருமில்லை. ஆட்டக்காரராக இருந்தபோதே டிபாலில் சட்டம் பயின்று பட்டம் பெற்றிருந்தார். அதனால் வழக்கறிஞர் தொழில் காத்திருந்தது. மனம் கேளாமல் 1955-56 பருவத்தில் மீண்டும் களமிறங்கினார். ஆனால் அதற்குள் 24 நொடிச் சட்டம் ஆட்டத்தை ஓட்டமாக்கியிருந்தது. 37 ஆட்டங்களில் அவர் சராசரி 10.5 மட்டுமே. பழைய மைக்கனைக் காண வந்தவர்கள் களைத்த மைக்கனைக் கண்டனர். 1956இல் அமெரிக்க நாடாளுமன்றத்திற்குப் போட்டியிட்டுச் சிறு வேறுபாட்டில் தோற்றார்.

1957ஆம் ஆண்டில் லேக்கர்ஸ் அணி அவரைப் பயிற்றுநராக அமர்த்தியது. குண்ட்லா நிர்வாகப் பொறுப்புக்குச் சென்றார். ஊரார் மிக்க நம்பிக்கையோடு இருந்தனர். நடந்ததோ நேர்மாறு. 39 ஆட்டங்களில் 9 வெற்றி, 30 தோல்வி. அணியில் பழைய திறன் இல்லை என்பது உண்மையே. அவருக்குப்பின் குண்ட்லா திரும்ப வந்தும் பருவ முடிவில் 19 வெற்றி, 53 தோல்வி என்றே நின்றது. எனினும் பயிற்றும் கலை வேறு, ஆடும் கலை வேறு என்பதை மறுப்பதற்கில்லை. ரே மேயர் பெயர்பெற்ற ஆட்டக்காரர் அல்லர். ஆனால் ஒரு மைக்கனை உருவாக்கினார். மைக்கன் மாபெரும் ஆட்டக்காரர். தம்மைப்போல் ஒருவரை உருவாக்க இயலவில்லை. பருவம் முடியுமட்டும் பதவியைப் பிடித்துக்கொண்டிராமல் 1958 ஜனவரியில் தாமே விலகினார். அவ்விலகலை நாம் குறையாக எண்ணவில்லை. லேக்கர்ஸ் 1960இல் லாஸ் ஏஞ்சலஸுக்கு இடம் மாறியது. ஏரிகள் மலிந்த மாநிலத்தின் பெயரைமட்டும் உடன் கொண்டுசென்றது.

1967இல் ஏ.பி.ஏ. என்னும் புதிய சங்கம் தோன்றியபோது அதன் முதல் ஆணையராக மைக்கன் பொறுப்பேற்றார். சிவப்பு, வெள்ளை, நீலம் என மூவண்ணப் பந்தைக் கொண்டுவந்தவர் அவரே. பழுப்புநிறப் பந்து தொலைவிலுள்ளோர்க்கும் தொலைக்காட்சியில் பார்ப்போர்க்கும் சரியாகத் தெரிவதில்லை என்பது அவர் வாதம். மங்கிய பார்வையோடு வாழ்நாள் முழுதும் போராடியவருக்கு அது தெரியாதா! தொலைவிலிருந்து எறிந்து வெல்வோருக்கு மூன்று புள்ளி தரும் முறையையும் அச்சங்கம் கையாண்டது. நெடியவர்களின் அரசனாக இருந்தவர் குட்டையானவர்களுக்கும் வாய்ப்பளிக்கும் சட்டத்தை ஆதரித்தது நமக்கு மிகவும் பிடித்த செய்தி. 1979இல் என்.பி.ஏ.வும் அம்முறையை ஏற்றுக்கொண்டது.

அவருடைய இறுதிக் காலத்தை எழுதும்போது மனம் கனக்கிறது. இனிப்புநீர் நோய் அவரைப் பற்றியது. நம் தோட்டங்களில் இந்நோய் புகாத வீடு குறைவு. அதன் கொடுமை நாம் அறிந்ததே. 2000ஆம் ஆண்டில் அவருடைய வலக்கால் முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுக்கப்பட்டது. கயிறு தாண்டிப் பழகி, நடனம் கற்று, தாளத்திற்குப் பணிய வைத்த கால்களுள் ஒன்று. சிறுநீரகமும் பழுதடைந்து, வாரந்தோறும் குருதி சுத்திகரிப்பு செய்ய வேண்டியதாயிற்று. சிகிச்சைச் செலவுக்காகத் தம் பழைய நினைவுப் பொருள்களை விற்றார்.

அந்நாளைய ஆட்டக்காரர்கள் கோடிகளில் புரண்டுகொண்டிருந்தனர். ஆனால் 1965ஆம் ஆண்டுக்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்குச் சங்கம் கொடுத்த ஓய்வூதியம் மிகச் சொற்பம். ரயில் வண்டியில் ஊர் ஊராய் அலைந்து, முறிந்த எலும்போடு ஆடிக் கூட்டம் சேர்த்தவர்கள் அவர்களே. ஊழியர் சேமநிதி வருமுன் உழைத்து ஓய்ந்த நம் முன்னோரின் நிலை பெரியோர்க்கு நினைவுக்கு வரலாம். மைக்கன் தமக்காக மட்டும் கேட்கவில்லை. அக்காலத்து ஆட்டக்காரர்கள் அனைவருக்கும் ஓய்வூதியத்தை உயர்த்த வேண்டும் என்று நோயுற்ற நிலையிலும் வாதாடினார். அவர் கண்மூடும் வரை அவ்வழக்கு தீரவில்லை.

2001ஆம் ஆண்டு மினியாபொலிஸ் நகரின் டார்கெட் மைய அரங்கில் அவருக்கு வெண்கலச் சிலை எழுப்பப்பட்டது. வலக்கையை உயர்த்திப் பந்தை வளையத்துள் இடும் தோற்றம் அது. சிலை திறப்புக்கு அவர் வந்திருந்தார்.

2005ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள், அரிசோனா மாநிலத்து ஸ்காட்ஸ்டேல் நகரில் ஜார்ஜ் மைக்கன் இயற்கை எய்தினார். வயது 80. குடும்பத்தின் நிலையறிந்த ஷக்கீல் ஓநீல், ஈமச்சடங்கிற்கான செலவு முழுவதையும் தாமே ஏற்பதாக அறிவித்துச் செலுத்தினார். அவரும் லேக்கர்ஸ் அணியில் முன்பு ஆடியவர், அவரும் நடு ஆட்டக்காரர், அவரோ கறுப்பினத்தவர்.